எந்த ஊர்க்காரர்கள் நாம்?

(கிள்ளானில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வாரத்தில் ஒரு நாள்தான் உங்களுக்கு ஓய்வு. அதையும் விட்டுவிட்டுப் பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இன்று நான் பேசப்போவது பெயரைப் பற்றி. நாம் நமக்கு வைத்துக்கொண்ட பெயரைப் பற்றி அல்ல, மற்றவர்கள் நமக்கு வைத்த பெயரைப் பற்றி. "கெலிங்", "பெண்டாதாங்", "பாலிக் இந்தியா" போன்ற சொற்களைப் பற்றி. இவை எல்லாமே ஒருவர் எந்த இடத்திலிருந்து வந்தார் என்பதை வைத்துப் பிறந்த சொற்கள்.

"சம்பளம் பற்றவில்லை, வீட்டு வாடகை ஏறிவிட்டது, இந்த நேரத்தில் பெயரைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இந்தக் கிள்ளான் மண்ணிலேயே இருக்கிறது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதில் முன்னணியில் நின்றார். அவர்கள் கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தை எங்களுக்கும் கொடு என்று கேட்டார்கள். அதே பட்டியலில், துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்றும் கேட்டார்கள். அடித்து, திட்டி வேலை வாங்கும் அதிகாரிகளை மாற்று என்றும் கேட்டார்கள். நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளிகள் உயிரை விட்டார்கள்.

அரைவயிற்றுக் கஞ்சி குடித்த அந்த மனிதர்கள் சம்பளத்தையும் மரியாதையையும் ஒரே மூச்சில் கேட்டார்கள். மரியாதை இல்லாதவனுக்குச் சம்பளமும் சரியாக வராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஊர்ப் பெயர் சொல்வது தவறா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒருவரை அவர் ஊரை வைத்துக் கூப்பிடுவது தவறே இல்லை. தமிழர்களாகிய நமக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். தோட்டத்து லயங்களில் "சேலத்துக்காரர் வீடு", "திருச்சிக்காரர் வீடு" என்றுதான் அடையாளம் சொன்னார்கள். தோட்டத்தை விட்டு வந்த பிறகும் "கேரித் தீவுக்காரர்", "காப்பார்க்காரர்" என்கிறோம். அதில் யாருக்கும் கோபம் வருவதில்லை. சொல்பவரும் கேட்பவரும் ஒரே தரையில் நிற்கிறார்கள். நாளைக்கு அவரும் நம்மை ஊர் சொல்லிக் கூப்பிடுவார்.

சில சமயம் ஊர்ப் பெயர் தப்பாகவும் ஒட்டிக்கொள்ளும். பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்களை இந்த நாட்டில் "பெங்காலி" என்றார்கள். அவர்களுக்கும் வங்காளத்துக்கும் என்ன சம்பந்தம்? கல்கத்தாவில் கப்பல் ஏறி வந்தார்கள், அவ்வளவுதான். ரியூனியன் தீவில் நம் தமிழர்களை "மலபார்" என்கிறார்கள். மலபார் கேரளக் கரையில் இருக்கிறது. ஆனால் ஐரோப்பியர்கள் ஒரு காலத்தில் தமிழ் மொழியையே "மலபார் மொழி" என்றுதான் எழுதினார்கள். வட இந்தியாவுக்குப் போனால் தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடர் எல்லோரும் ஒரு காலத்தில் "மதராஸி"தான். பெயர் வைப்பவனுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவனுக்கு இருந்ததில்லை.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாத ஒன்றுக்கு இப்போது வருவோம்.

"கெலிங்" எங்கிருந்து வந்தது?

உங்களில் பலர் ஒரு கதை கேட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரன் நம்மவர்களைக் கைதிகளாகக் கொண்டு வந்தான், காலில் இருந்த சங்கிலி "கிலிங் கிலிங்" என்று சத்தம் போட்டது, அதனால்தான் நமக்கு அந்தப் பெயர் என்ற கதை. கோயில் திருவிழாவிலும் காப்பிக் கடையிலும் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தக் கதை உண்மையல்ல. பெற்றோர்களே, தயவு செய்து அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்.

இந்தியக் கைதிகளைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது உண்மைதான். சாலை போட்டதும் கட்டடம் கட்டியதும் அவர்கள்தான். ஆனால் வெள்ளைக்காரன் பினாங்கில் கால் வைத்ததே 1786இல்தான். "கெலிங்" என்ற சொல் அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பகுதியில் புழங்கியது. 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அங்கிருந்த தமிழ் வணிகர்களை அந்தப் பெயரால்தான் எழுதி வைத்தார்கள். அந்த வணிகர் சமூகத்துக்குத் தலைவராக அவர்கள் நியமித்தது நைனா சத்து என்ற பெரும் தமிழ் வியாபாரியை. கப்பல் வைத்துக் கடல் வாணிபம் செய்தவர் அவர். அவர் காலில் எந்தச் சங்கிலியும் இல்லை!

சொல்லின் வேர் "கலிங்கம்". இன்றைய ஒடிசாவும் வட ஆந்திரக் கடற்கரையும் சேர்ந்த பழைய நாடு. அங்கிருந்து கப்பல்கள் இந்தப் பக்கம் வந்தன. கப்பலில் வந்தவர்களுக்கு அந்த நாட்டின் பெயரே பெயராயிற்று. 11ஆம் நூற்றாண்டில், சாவகத்தை ஐர்லங்கா மன்னன் ஆண்ட காலத்துக் கல்வெட்டுகளில், வந்து தங்கிய வெளிநாட்டாரின் பட்டியல் ஒன்று வருகிறது. அதில் "கிலிங்" என்று ஒரு பெயர், "திராவிட" என்று இன்னொரு பெயர், "சிங்கள" என்று வேறொரு பெயர். அதாவது அன்றைக்குக் கலிங்கத்தான் வேறு, தமிழன் வேறு என்று இந்தப் பகுதி மக்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு கலிங்கத்திலிருந்து வந்த கப்பல்கள் குறைந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த கப்பல்கள் கூடின. பழைய பெயர் புதிய ஆட்கள் மேல் உட்கார்ந்துகொண்டது. "சூலியா" என்ற இன்னொரு பெயர் சோழர் பெயரிலிருந்து வந்தது. பினாங்கில் சூலியா ஸ்திரீட் இன்றும் இருக்கிறது.

அந்த நாட்களில் "கெலிங்" என்பது வசைச்சொல் அல்ல. பழைய மலாய் நூலான செஜாரா மெலாயுவில் "கெலிங் நாடு" என்பது பெரிய ராஜாக்கள் ஆண்ட நாடு. மலாய் உரைநடையின் தந்தை என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லா மலாக்காவில் தமிழ் படித்தவர். அவர் தமிழைக் "கெலிங் மொழி" என்றுதான் எழுதினார். அவர் உடம்பில் ஓடியதும் தமிழ் ரத்தம் கலந்த ரத்தம்தான். மலாக்காவில் 1748இல் எழுந்த கம்போங் கெலிங் பள்ளிவாசலும், பினாங்கில் 1801இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதிர் முகைதீன் அமைத்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் இன்றும் அதே பெயரோடு நிற்கின்றன. அங்கே போனால் தலை குனியாதீர்கள். இந்த நாட்டில் நமக்கு எத்தனை நூற்றாண்டு வேர் இருக்கிறது என்பதற்கு அவை சாட்சி.

பிறகு ஏன் வலிக்கிறது?

சொல் மாறவில்லை. சொல்லப்பட்டவனின் நிலைமை மாறியது.

கப்பல் முதலாளியாக வந்தவனை அந்தப் பெயரால் கூப்பிட்டபோது அது ஒரு நாட்டின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் கரும்புக்கும் காப்பிக்கும், பிறகு ரப்பருக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் ஆயிரக்கணக்கில் நம் ஏழை மக்களை ஒப்பந்தத்திலும் கங்காணி மூலமாகவும் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போது அதே பெயர் ஒரு வேலையின் பெயராக, ஒரு நிறத்தின் பெயராக, கீழே நிற்பவனின் பெயராக ஆனது. 1871இல் நீரிணைக் குடியேற்ற நாடுகளில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் நம்மை "கிலிங்" என்ற தலைப்பின் கீழ்தான் எண்ணினார்கள். 1891 கணக்கில் "தமிழர்களும் மற்ற இந்தியரும்" என்று தலைப்பு வந்துவிட்டது. 1920களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் "கிலிங் ஸ்திரீட்" என்ற தெருவின் பெயரைச் "சூலியா ஸ்திரீட்" என்று மாற்றினார்கள், நம்மவர்களுக்கு அந்தச் சொல் அவமானமாகப்பட்டதால். சுமத்ராவின் மேடான் நகரில் கம்போங் கெலிங் பின்னாளில் கம்போங் மெட்ராஸ் ஆயிற்று.

ஆகவே "இது இப்போது கிளப்பிய பிரச்சினை, அந்தக் காலத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நூறு ஆண்டுகளாக நாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

2003இல் நம்மவர்கள் சிலர் இந்தச் சொல்லைக் காமுஸ் டேவான் அகராதியிலிருந்து எடுக்க வேண்டும் என்று டேவான் பஹாசா டான் புஸ்தாகா மீது வழக்குப் போட்டார்கள். அப்போது ஒரு பதில் வந்தது: "இது வரலாற்றுச் சொல். கலிங்கம் என்பது பெருமைக்குரிய நாடு. இதில் கோபப்பட என்ன இருக்கிறது?"

வரலாறு சரிதான். அதை நானே இவ்வளவு நேரம் சொன்னேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் உங்கள் பையனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்பவன் கலிங்க நாட்டுச் சரித்திரத்தை நினைத்துக்கொண்டா சொல்கிறான்? பட்டறையில் மேலதிகாரி சொல்லும்போது நைனா சத்துவின் கப்பல்களை நினைத்துக்கொண்டா சொல்கிறார்? "நீ கறுப்பன், குடிகாரன், இந்த நாட்டுக்காரன் அல்ல" என்ற மூன்றையும் ஒரே சொல்லில் சுருட்டி எறிகிறார்கள். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதை அகராதி சொல்லட்டும். அது எங்கே போய்க் குத்துகிறது என்பதைக் குத்துப்பட்டவன்தான் சொல்ல வேண்டும்.

என் கருத்து இதுதான். பள்ளிவாசலின் பெயரை மாற்ற வேண்டியதில்லை. பழைய நூல்களைத் திருத்த வேண்டியதில்லை. அகராதியில் சொல் இருந்தால், இது இன்று இந்தியர்களைப் புண்படுத்தும் சொல் என்று பக்கத்திலேயே தெளிவாக அச்சிட வேண்டும். வகுப்பறையிலும் வேலையிடத்திலும் அரசியல் மேடையிலும் உயிரோடு இருக்கும் ஒரு மனிதனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. இது அதிகமான கோரிக்கையா?

மனம் இருந்தால் செய்ய முடியும்

"மக்கள் வாயை யார் கட்ட முடியும்?" என்பார்கள். 2007இல் என்ன நடந்தது பாருங்கள். இந்தோனேசியர்களை இங்கே "இந்தோன்" என்று சுருக்கிச் சொல்வது அவர்களுக்கு அவமானமாக இருந்தது. அந்த நாட்டு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நம் தகவல் அமைச்சு அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஊடகங்களுக்கு உத்தரவு போட்டது. ஒரு சுற்றறிக்கையில் காரியம் முடிந்தது. நான் அதைக் குறை சொல்லவில்லை, நல்ல காரியம். ஆனால் அண்டை நாட்டுக்காரருக்குக் காட்டிய அதே அக்கறையைச் சொந்த நாட்டுக் குடிமக்களுக்கும் காட்டலாமே!

"பெண்டாதாங்" என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. வந்தேறி என்று அதற்குப் பொருள். 2008 ஆகஸ்டில், பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தல் பிரசாரத்தில், பினாங்கு அம்னோ தொகுதித் தலைவர் ஒருவர் சீனர்களை அப்படிச் சொன்னார். நாடே கொந்தளித்தது. கட்சி அவரை மூன்றாண்டு இடைநீக்கம் செய்தது. ஆனால் அந்தச் செய்தியை எழுதிய சீனப் பத்திரிகைப் பெண் நிருபரைச் செப்டம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்கள், மறுநாள் விட்டார்கள். சொன்னவர் வீட்டில் இருந்தார், சொன்னதை எழுதியவர் லாக்கப்பில் இருந்தார்.

யார் வந்தேறி? இந்தியாவிலிருந்து தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு 1938இலேயே நிறுத்திவிட்டது. 1957இல் நாடு சுதந்திரம் பெற்றபோதே இங்கிருந்த இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள். இன்று இந்த நாட்டில் சுமார் 20 லட்சம் இந்தியர்கள் இருக்கிறோம். நம்மில் பெரும்பாலோருக்கு இந்தியாவில் ஒரு சாண் நிலம் கிடையாது, அங்கே கடிதம் போட ஒரு முகவரி கிடையாது. "திரும்பிப் போ" என்றால் எங்கே போவது? காப்பாருக்கா? பண்டமாரானுக்கா?

பாரத்தில் இருக்கும் கட்டம்

வாயால் சொல்லும் சொல்லுக்கு அடுத்து, காகிதத்தில் எழுதும் சொல்லைப் பாருங்கள். இந்த நாட்டில் எந்தப் பாரத்தை எடுத்தாலும் நான்கு கட்டம்: மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின். நாம் பேனாவை எடுத்து "இந்தியா" என்ற கட்டத்தில் கோடு போடுகிறோம். கொஞ்சம் யோசியுங்கள். அது வேறொரு நாட்டின் பெயர். அந்த நாட்டின் கடப்பிதழ் நம்மிடம் இல்லை, ஓட்டு இல்லை, எந்த உரிமையும் இல்லை. ஆனால் பிறப்புப் பத்திரத்திலிருந்து வேலை விண்ணப்பம் வரை அந்தப் பெயர் நம் கூடவே வருகிறது. தமிழர் என்ற பெயருக்கு அங்கே கட்டமே இல்லை. பிறகு ஒருவன் "பாலிக் இந்தியா" என்று கத்தினால், அவனுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்ததில் அந்தப் பாரத்துக்கும் பங்கு இல்லையா?

பெயர் எப்படி வாழ்க்கையைக் கெடுக்கும் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். நம்மைப் போலவே திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மக்கள். 1911 கணக்கெடுப்பில் அவர்களை "இந்தியத் தமிழர்" என்று தனியாக எழுதினார்கள். அன்றைக்கு அது வெறும் தலைப்பு. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, அந்தத் தலைப்பின் கீழ் இருந்த லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். சிங்களவர் வாயில் "கள்ளத்தோணி". சொந்தத் தமிழர் சிலர் வாயிலேயே "தோட்டக்காட்டான்". 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். போனவர்களை நீலகிரியில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? "சிலோன்காரன்"! இலங்கையில் இந்தியன், இந்தியாவில் சிலோன்காரன். இரண்டு இடத்திலும் அடுத்த ஊர்க்காரன்.

அங்கேயே தங்கியவர்கள் என்ன செய்தார்கள்? எங்களுக்கு நாங்களே பெயர் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். பாட்டன் விட்டுவந்த ஊரை வைத்து வைக்கவில்லை. தாங்கள் உழைத்த மலையை வைத்தார்கள். "மலையகத் தமிழர்". 2003இல் நாடற்றவராக மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2023இல், தங்கள் முன்னோர் வந்த 200ஆம் ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் நடந்தே போனார்கள். முன்னோர் நடந்து செத்த பாதை அது.

நம் வாயையும் கொஞ்சம் பார்ப்போம்

இப்போது சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். பொறுத்துக் கேளுங்கள்.

வங்காளதேசத்திலிருந்து வந்து சாலையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் மனிதனை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? "பங்ளா." பேர் கேட்கிறோமா? கிள்ளான் சாப்பாட்டுக் கடையிலோ பிரிக்பீல்ட்ஸ் முடிதிருத்தும் கடையிலோ வேலை பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த பையனை என்ன சொல்கிறோம்? "ஊர்க்காரன்." அந்தச் சொல்லில் பாசமா இருக்கிறது? "ஊர்க்காரன்தானே, அவனுக்கு என்ன தெரியும்" என்ற இளக்காரம்தான் இருக்கிறது. அவனும் நம் பாட்டனைப் போலக் கடன் பட்டு, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, கடப்பிதழை முதலாளியிடம் கொடுத்துவிட்டு நிற்கிறான். நம் பாட்டனைக் கெலிங் என்றான் ஒருவன். இவனை ஊர்க்காரன் என்கிறோம் நாம். எந்த வாயால் நியாயம் கேட்பது?

நமக்குள்ளேயும் பாருங்கள். "மலையாளத்தான்", "யாழ்ப்பாணத்தான்" என்று இன்னும் கரித்துக் கொட்டுபவர்கள் உண்டு. தோட்டத்தில் கிராணி வேலையும் ரயில்வே ஆபீஸ் வேலையும் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தாருக்கும் மலையாளிகளுக்கும் கிடைத்தன. வெட்டும் தோளும் தொழிலாளிக்குக் கிடைத்தன. அந்தக் கசப்புக்குக் காரணம் இருந்தது. அப்படிப் பிரித்து வைத்தது வெள்ளைக்காரனுக்கு வசதியாகவும் இருந்தது. வெள்ளைக்காரன் போய் இத்தனை ஆண்டான பிறகும் அந்த வேலியை நாம் ஏன் காவல் காக்க வேண்டும்? "பெண்டாதாங்" என்பவன் நீ எந்த மாவட்டத்துத் தமிழன் என்று கேட்டுவிட்டா திட்டுகிறான்?

என்ன செய்யலாம்?

முதலாவது, வீட்டில். பிள்ளைக்கு உண்மைக் கதையைச் சொல்லுங்கள். கலிங்கம், மலாக்கா, கப்பித்தான் கெலிங், கங்காணி, 1941 கிள்ளான் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எங்கே வேலை செய்தார், எத்தனை மரம் வெட்டினார், எப்போது பிறந்தார் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். தன் கதை தெரிந்த பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்டுக் கூனிக் குறுகாது; கை நீட்டிச் சண்டைக்கும் போகாது.

இரண்டாவது, பள்ளியில். உங்கள் பிள்ளையை யாராவது, அது ஆசிரியராக இருந்தாலும், அந்தப் பெயர் சொல்லித் திட்டினால், "விடு, பெரிசு பண்ணாதே" என்று சொல்லாதீர்கள். தேதி, நேரம், யார் சொன்னது, யார் கேட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள். தலைமையாசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் எழுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுதுங்கள். நான்கு பெற்றோர் சேர்ந்து போங்கள். தனியாகப் போனால் காக்க வைப்பார்கள்.

கேட்டால் நடக்குமா என்று சந்தேகப்படாதீர்கள். 1971இல் வெளிவந்த "இன்டர்லோக்" நாவலை ஐந்தாம் படிவப் பாடநூலாக்கினார்கள். அதில் நம்மைச் சாதிப் பெயரால் இழித்துக் காட்டும் பகுதி இருந்தது. நம் பெற்றோர்கள் எதிர்த்தார்கள். 2011 கடைசியில் அந்த நூலைப் பள்ளிகளிலிருந்து மீட்டுக்கொண்டார்கள். அந்தப் போராட்டம் நமக்கும் ஒரு கேள்வி வைத்தது: அந்தச் சாதிப் பெயரை நம் வீட்டிலேயே வசையாகச் சொல்பவர்கள் இல்லையா? அதையும் நிறுத்தினால்தான் அந்த வெற்றி முழு வெற்றி.

மூன்றாவது, பத்திரம். இதுதான் மிக முக்கியம். பிள்ளை பிறந்தவுடன் பதியுங்கள், தள்ளிப்போடாதீர்கள். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, திருமணத்தைச் சட்டப்படி பதியுங்கள். தாய்க்குக் குடியுரிமை இல்லாமல், திருமணமும் பதிவாகாமல் இருந்தால், தகப்பன் இந்நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைப்பது பெரும் போராட்டமாகிவிடும். இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே பால் வெட்டி முதுகு வளைந்து, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பெரியவர்கள் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். ஒன்றுமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 2011இல் "மைடஃப்தார்" என்று ஒரு பதிவு இயக்கம் நடத்தினார்கள். அதிலும் விட்டுப்போனவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர் உங்களுக்குத் தெரிந்தால் பத்திரங்களைச் சேகரித்துக்கொடுத்துத் தேசியப் பதிவிலாகாவுக்குக் கூட்டிப்போங்கள். கெலிங் என்ற சொல் மனதைக் குத்தும். அடையாள அட்டை இல்லாமை பள்ளியை, வேலையை, ஆஸ்பத்திரியை எல்லாம் சேர்த்துப் பறிக்கும். "நீ இந்த ஊர்க்காரன் அல்ல" என்று அரசாங்கமே எழுதிக்கொடுத்தது போல அது.

நான்காவது, நம் நாக்கு. கடையில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் தம்பியின் பெயரைக் கேளுங்கள். இன்று சாயங்காலமே தொடங்கலாம், செலவு ஒரு காசு இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் சொல்லும் பாடம்

முடிக்கும் முன் ஒரு வார்த்தை. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸில் "லிட்டில் இந்தியா"வைத் திறந்து வைத்தார்கள். கிள்ளானிலும் ஜாலான் தெங்கு கிளானாவை அப்படித்தான் சொல்கிறோம். வியாபாரத்துக்கு நல்லது, தீபாவளிக்கு அழகு. நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த இடத்தின் பழைய பெயரை எண்ணிப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ் என்றால் செங்கல் சூளை மேடு. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடம் கட்டச் சொன்னார்கள். அதற்குச் செங்கல் சுட்ட இடம் அது. பிறகு ரயில்வே வந்தது, ரயில்வே குவாட்டர்ஸ் வந்தது, நம் மக்கள் வந்தார்கள். கோயில் எழுந்தது, விவேகானந்தா ஆசிரமம் எழுந்தது.

"லிட்டில் இந்தியா" என்ற பெயர் நாம் எங்கிருந்து வந்தோம் என்று சொல்கிறது. "செங்கல் சூளை" என்ற பெயர் இங்கே என்ன வேலை நடந்தது என்று சொல்கிறது. முதல் பெயரை வைத்து யாரும் நம்மைத் திருப்பி அனுப்பப் பார்க்கலாம். இரண்டாவது பெயரை வைத்து முடியாது. தண்டவாளமும் சாலையும் ரப்பர் காடும் துறைமுகமும் யார் போட்டது என்று இந்த நாட்டுக்கே தெரியும்.

யாராவது உங்களை "எந்த ஊர்க்காரன் நீ?" என்று கேட்டால் கோபப்பட வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். நிமிர்ந்து நின்று சொல்லுங்கள்: கிள்ளான்காரன். காப்பார்க்காரி. பிரிக்பீல்ட்ஸ்காரன். மலேசியத் தமிழர்.

பிறப்புப் பத்திரம், அடையாள அட்டைச் சிக்கல் உள்ளவர்கள் பத்திரங்களோடு பின்னால் உள்ள மேசைக்கு வாருங்கள். உட்கார்ந்து பார்ப்போம்.